ரூட்டர் போனால் போகட்டும், செட்டிங்ஸ் இருக்கிறதா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதற்கு துணி உறை தைத்துப் போடுகிறார்கள். யு.பி.எஸ். வாங்குகிறார்கள். ஆன்ட்டி வைரஸ் போடுகிறார்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை வெளி உலகத்தோடு இணைக்கும் சின்னப் பெட்டியை, அதாவது மோடத்தையோ ரூட்டரையோ, யாரும் கவனிப்பதில்லை. அது ஜன்னல் ஓரத்தில் தூசி படிந்து கிடக்கிறது. கெட்டுப் போனால் வேறு வாங்கிக் கொள்ளலாம் என்ற நினைப்புதான். பெட்டியை வாங்கலாம். அதற்குள் இருந்த செட்டிங்ஸை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

நான் காரைக்காலில் நெட்வொர்க் வேலை பார்ப்பவன். லாட்ஜ், பள்ளிக்கூடம், கேபிள் ஆபரேட்டர் என்று பலருடைய ரூட்டர், ஸ்விட்ச், வை-பை பெட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். இவ்வளவு பெட்டிகளின் செட்டிங்ஸையும் ஒழுங்காகக் கையாள என்ன சாப்ட்வேர் வாங்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். எல்லோரும் தேடுவது, ஒரே கிளிக்கில் நூறு பெட்டிகளை மாற்றும் கருவியை. என் கருத்து வேறு. முதலில் வேண்டியது மாற்றும் கருவி அல்ல, படித்து வைத்துக் கொள்ளும் கருவி. ஏன் என்பதை வீட்டு உபயோகிப்பாளர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். உங்கள் வீட்டு மோடமும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம்.

செட்டிங்ஸ் என்பது என்ன?

உங்கள் மோடத்தில் இன்டர்நெட் யூசர் நேம், பாஸ்வேர்ட், வை-பை பெயர் என்று சில விவரங்கள் இருக்கும். ஒரு லாட்ஜில் உள்ள ஸ்விட்சில் இதைவிடப் பல மடங்கு இருக்கும். எந்த போர்ட்டில் கேமரா, எதில் பில் போடும் கம்ப்யூட்டர், தங்க வருபவர்களின் வை-பை எந்த வழியில் போக வேண்டும், பில் கம்ப்யூட்டரை அவர்கள் தொடாமல் எப்படித் தடுப்பது என்று இருநூறு, முந்நூறு வரிகள் ஓடும். இந்த வரிகளின் தொகுப்பைத்தான் கான்பிகரேஷன் என்கிறோம்.

இதில் ஒரு விஷயம் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. சிஸ்கோ போன்ற பல நிறுவனங்களின் பெட்டிகளில் கான்பிகரேஷன் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று இப்போது ஓடிக் கொண்டிருப்பது. இது மெமரியில் மட்டும் இருக்கும். மற்றொன்று கரன்ட் போனாலும் அழியாமல் பதிந்திருப்பது. ஒருவர் ஒரு மாற்றம் செய்துவிட்டு, அதைப் பதிந்து வைக்கும் கட்டளையைக் கொடுக்காமல் போய்விட்டால், பெட்டி மாதக் கணக்கில் சரியாகவே வேலை செய்யும். யாருக்கும் சந்தேகம் வராது. ஐப்பசி மழையில் ஒரு நாள் கரன்ட் போய்த் திரும்பி வரும்போது பழைய கான்பிகரேஷனோடு எழுந்து உட்காரும். நேற்று வரை ஓடிய கேமரா இன்று ஓடாது. கேமராக்காரரைக் கூப்பிடுவார்கள். குற்றம் அவருடையது அல்ல.

காரைக்காலுக்கு ஏன் இது பெரிய விஷயம்?

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாவட்டம். ஆனால் சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல். புதுச்சேரி நகருக்கு 130 கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும். இதே பிரதேசத்தின் மாஹே, கேரளாவுக்குள் அரபிக் கடல் ஓரம் இருக்கிறது. ஏனாம், ஆந்திராவுக்குள் கோதாவரிக் கரையில் இருக்கிறது. ஒரே நிர்வாகத்தின் நான்கு துண்டுகள் இரண்டு கடற்கரைகளில் கிடக்கின்றன. இந்த நான்கு ஊர்களிலும் கிளை வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு ஸ்விட்ச் பழுதானால், ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொண்டு உடனே ஓட முடியுமா? இருந்த இடத்தில் இருந்தே பெட்டிகளைக் கவனிக்கும் வழி வேண்டும்.

அடுத்தது எங்கள் வானம். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்கு அருகேதான் கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்தபோது காரைக்காலிலும் மரங்களும் கம்பங்களும் சாய்ந்தன. புயல் இல்லாத வருடங்களிலும் இடி உண்டு, தாழ் மின்னழுத்தம் உண்டு, பெட்டியின் உள்ளே பச்சை பூக்க வைக்கும் உப்புக் காற்று உண்டு. இங்கே ஸ்விட்சுகள் கெட்டுப் போவது ஆச்சரியமான செய்தி அல்ல.

மூன்றாவது, எங்கள் ஆட்கள். நன்றாக வேலை கற்ற பையன்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள். போகும்போது அந்த இருநூறு வரிகளும் அவர்கள் தலைக்குள்ளேயே விமானம் ஏறிவிடுகின்றன.

சில வருடங்களுக்கு முன் திருநள்ளாறு பக்கத்தில் ஒரு லாட்ஜில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தது. சனிப்பெயர்ச்சிக்கு சில நாட்கள்தான் இருந்தன. அறைகள் அத்தனையும் பதிவாகி இருந்தன. மின்னலில் முக்கிய ஸ்விட்ச் போய்விட்டது. செட்டிங்ஸ் செய்து கொடுத்தவர் வெளிநாட்டில். "தம்பி, பொட்டி புதுசு வாங்கியாச்சு, மாட்டி விட்டா போதும்" என்றார் மேனேஜர். மாட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆனது. எந்த வயர் எங்கே போகிறது, எந்த போர்ட்டுக்கு என்ன வேலை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அங்கே பில்லை கையால் எழுதினார்கள். பழைய கான்பிகரேஷன் ஒரு பைலாக இருந்திருந்தால் ஒரு மணி நேர வேலை. அந்தப் பைலின் அளவு உங்கள் மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோவில் நூறில் ஒரு பங்கு கூட இருக்காது.

படிக்கும் கருவி, எழுதும் கருவி

சந்தையில் உள்ள கருவிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் வகை, படிக்கும் கருவி. இது குறிப்பிட்ட நேரத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் லாக் இன் செய்யும். கான்பிகரேஷனைப் படித்து டெக்ஸ்ட் பைலாகச் சேமிக்கும். நேற்றைய பைலோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் எந்த வரி கூடியது, எந்த வரி குறைந்தது என்று காட்டும். எதையும் மாற்றாது. இந்த வகையில் பழையது ரேன்சிட். 1990களிலிருந்து இருந்து வருகிறது. மாறிய வரிகளை மெயிலில் அனுப்பிவிடும். இதற்குப் பிறகு வந்தது ஆக்சிடைஸ்டு. நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பெட்டிகளைப் படிக்கத் தெரிந்தது. கிட் என்ற முறையில் ஒவ்வொரு நாளின் பிரதியையும் அடுக்கி வைக்கும். இரண்டுமே இலவசம். லினக்ஸ் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும்.

இரண்டாவது வகை, எழுதும் கருவி. அன்சிபிள் இதில் பெயர் பெற்றது. 2012ல் வந்தது, 2015ல் ரெட் ஹேட் நிறுவனம் வாங்கியது. பெட்டிக்குள் எந்த சாப்ட்வேரும் போட வேண்டாம். "இந்த நாற்பது ஸ்விட்சிலும் இந்த வரி இருக்க வேண்டும்" என்று ஒரு பைலில் எழுதிக் கொடுத்தால், நாற்பதிலும் போய்ச் சேர்த்துவிடும்.

இரண்டையும் சேர்த்துச் செய்யும் கட்டணக் கருவிகளும் உண்டு. அவற்றில் ஒன்று நம் ஊர்ச் சரக்கு. சோஹோ நிறுவனம் 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் தொழிலே நெட்வொர்க்கை நிர்வகிக்கும் சாப்ட்வேர்தான். சோஹோ என்ற பெயர் 2009ல் வந்தது. அதன் மேனேஜ்என்ஜின் பிரிவில் நெட்வொர்க் கான்பிகரேஷன் மேனேஜர் என்ற கருவி இருக்கிறது. லினக்ஸ் கட்டளைகள் பழக நேரமில்லாத, ஆனால் செலவு செய்ய வசதியுள்ள அலுவலகங்களுக்கு இந்த வகை பொருந்தும். எத்தனை பெட்டிகள் என்பதைப் பொறுத்துக் கட்டணம். எனவே விலை கேட்கும் முன் பெட்டிகளை எண்ணிக் கொள்ளுங்கள். எண்ணத் தொடங்கினால்தான், உங்களிடம் எத்தனை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிய வரும்.

ஏன் படிக்கும் கருவி முதலில்?

ஒரே கிளிக்கில் நூறு பெட்டிகளைச் சரி செய்ய முடிகிற கருவியால், ஒரே கிளிக்கில் நூறு பெட்டிகளைக் கெடுக்கவும் முடியும். பெரியவர்களுக்கே இது நடந்திருக்கிறது.

2021 அக்டோபர் 4ஆம் தேதி, நம் நேரப்படி இரவு ஒன்பது மணி சுமாருக்கு பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் நின்று போயின. சுமார் ஆறு மணி நேரம் திரும்பவில்லை. பராமரிப்பு வேலையின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அவர்களின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முக்கிய நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுப்பதற்கென்றே ஒரு சோதனைக் கருவி வைத்திருந்தார்கள். அதிலேயே பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. கடைசியில் இன்ஜினியர்கள் நேரில் போய்த்தான் சரி செய்ய வேண்டியிருந்தது.

அடுத்த வருடம், 2022 ஜூலை 8ஆம் தேதி, கனடாவின் ரோஜர்ஸ் நெட்வொர்க் விழுந்தது. ரூட்டர் கான்பிகரேஷனில் ஒரு வடிகட்டியை நீக்கியதுதான் காரணம். 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அவசர உதவிக்கு போன் செய்ய முடியவில்லை. கடைகளில் கார்டு தேய்க்க முடியவில்லை. சரி செய்ய வேண்டிய ஊழியர்களும் அதே நெட்வொர்க்கை நம்பி இருந்ததால், பெட்டிகளை எட்டுவதே அவர்களுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அவர்களிடம் ஆயிரக்கணக்கில் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். ஒரு லாட்ஜில், ஒரு பள்ளியில் யார் இருக்கிறார்கள்? எனவே என் யோசனை: ஆறு மாதம் படிக்கும் கருவியை மட்டும் ஓட விடுங்கள். எந்தப் பெட்டியில் யார் எப்போது கை வைத்தார்கள் என்பது தெரியும். பதியாமல் விட்ட மாற்றங்கள் தெரியும். ஒரே மாதிரி இருக்க வேண்டிய இருபது பெட்டிகள் இருபது மாதிரி இருப்பது தெரியும். இதெல்லாம் தெரிந்த பிறகு எழுதும் கருவியைத் தொடுங்கள்.

எழுதும் கருவி வேண்டவே வேண்டாமா?

வேண்டும். ஓர் உதாரணம். 2022 ஏப்ரல் 28ஆம் தேதி இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர் அமைப்புகளின் கடிகாரங்களை என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்து வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்றிரண்டு வரிதான். ஆனால் நாற்பது பெட்டிகளிலும் கையால் செய்தால் இரண்டு பெட்டி விட்டுப் போகும், ஒன்றில் எழுத்துப் பிழை வரும். இப்படி ஒரே மாதிரியான சின்ன மாற்றத்தைப் பல பெட்டிகளில் செய்யத்தான் எழுதும் கருவி.

அதற்கும் சில ஒழுக்கம் உண்டு. முதலில் ஒரு பெட்டியில் செய்யுங்கள். மறுநாள் மூன்று பெட்டிகளில். பிறகுதான் எல்லாவற்றிலும். திரும்பி வரும் வழியையும் முன்னதாகத் திறந்து வைக்க வேண்டும். ஜூனிப்பர் பெட்டிகளில் ஒரு வசதி உண்டு: மாற்றத்தைச் செய்துவிட்டு நீங்கள் உறுதி செய்யாவிட்டால், பத்து நிமிடத்தில் அது பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். மைக்ரோடிக் ரூட்டரில் சேஃப் மோட் இதே போன்ற வேலையைச் செய்யும். சிஸ்கோவில், பத்து நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆகும்படி முன்னதாகச் சொல்லிவிட்டு மாற்றத்தைச் செய்யலாம். இணைப்பு அறுந்து போனால் அது எழுந்திருக்கும்போது பழைய செட்டிங்ஸோடு வரும். எல்லாம் சரியாக நடந்தால் ரீஸ்டார்ட்டை ரத்து செய்துவிட்டு, மாற்றத்தைப் பதிந்து கொள்ளலாம். ஏனாமில் உள்ள பெட்டியை காரைக்காலில் உட்கார்ந்து தொடுபவருக்கு இந்தப் பத்து நிமிடம் இரண்டு நாள் பயணத்தை மிச்சப்படுத்தும்.

சாவிக் கொத்து ஜாக்கிரதை

எல்லாப் பெட்டிகளின் பாஸ்வேர்டும் ஒரே கருவியில் இருந்தால், திருடனுக்கு அந்த ஒரு கருவி போதும். 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் விவகாரம் வெளியே வந்தது. நெட்வொர்க்கை நிர்வகிக்கும் அவர்களின் ஓரியன் சாப்ட்வேருக்கான அப்டேட்டிலேயே தாக்குதல்காரர்கள் புகுந்திருந்தார்கள். சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அந்த அப்டேட்டைப் பெற்றிருந்தார்கள். ஆகவே படிக்கும் கருவிக்குப் படிக்க மட்டும் அனுமதி உள்ள தனி யூசர் நேம் கொடுங்கள். சேமித்த பைல்களையும் பூட்டி வையுங்கள். சிஸ்கோவில் டைப் 7 என்ற முறையில் மறைத்த பாஸ்வேர்டை நொடியில் பிரித்துப் படித்துவிடலாம். பேக் அப் பைலை மெயிலில் அனுப்பி வைப்பது, வீட்டுச் சாவியைத் தபாலில் அனுப்புவது மாதிரி.

சிலர் கேட்பார்கள்: "எல்லாம் ஒரே கம்பெனி பெட்டி. அவர்களின் கிளவுட் கன்ட்ரோலரே எல்லாவற்றையும் பார்த்துக் கொள்கிறதே?" நல்லதுதான், பயன்படுத்துங்கள். ஆனால் கன்ட்ரோலரின் பேக் அப்பை உங்கள் கையில் ஒரு பிரதி வைத்திருங்கள். புயல் நாளில் இன்டர்நெட் போன பிறகு கிளவுட்டைத் தேடிப் போக முடியாது.

கருவி வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. என்னிடம் உள்ள எல்லா கம்பெனிப் பெட்டிகளையும் இது படிக்குமா?
2. சேமிப்பது சாதாரண டெக்ஸ்ட் பைலா? இந்தக் கருவி இல்லாமலும் அதைத் திறக்க முடியுமா?
3. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுமா?
4. இன்டர்நெட் இல்லாதபோதும் வேலை செய்யுமா?
5. நான் ஊரில் இல்லாவிட்டால், அடுத்து வருபவர் ஒரு மணி நேரத்தில் இதைப் புரிந்து கொள்வாரா?

ஐந்தாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், மற்ற நான்கும் நன்றாக இருந்தாலும் அந்தக் கருவியை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் வீட்டு மோடம்

உங்களுக்கு இன்டர்நெட் தரும் நிறுவனத்தின் கண்ணில் உங்கள் மோடம் பல லட்சம் பெட்டிகளில் ஒன்று. அவற்றை உட்கார்ந்த இடத்தில் இருந்து செட் செய்ய 2004லேயே டி.ஆர்.-069 என்ற முறை வந்துவிட்டது. வசதியானதுதான். ஆனால் தூரத்தில் இருந்து நுழையும் வாசல் என்றால் வேண்டாதவர்களும் தட்டிப் பார்ப்பார்கள். 2016 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 லட்சம் ரூட்டர்கள் தடுமாறின. இந்த முறைக்கான போர்ட் வழியாக நடந்த மால்வேர் தாக்குதல்தான் காரணம். நம் நாட்டிலும் 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடங்களை ஒரு மால்வேர் தாக்கியது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த மோடங்கள் மாட்டிக் கொண்டன.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மோடத்தின் அடியில் ஒட்டியுள்ள லேபிளில் 192.168.1.1 என்பது போன்ற முகவரி இருக்கும். அதனை பிரவுசரில் டைப் செய்து லாக் இன் செய்யுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பேக் அப் என்ற பிரிவைத் தேடி, செட்டிங்ஸ் பைலை டவுன்லோட் செய்து பென் டிரைவில் வையுங்கள். அந்தப் பைல் பெரும்பாலும் அதே மாடலுக்குத்தான் பொருந்தும். எனவே இன்டர்நெட் யூசர் நேம், வீலேன் எண், வை-பை பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டிலும் எழுதிக் கொள்ளுங்கள். உங்கள் நிறுவனம் அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருந்தால், இந்த விவரங்களை எழுதித் தரும்படி கேளுங்கள். பணம் கட்டுபவர் நீங்கள்.

ஓர் எச்சரிக்கை. மோடத்தின் பின்னால் குண்டூசி நுழையும் ஓட்டைக்குள் இருப்பது ரீஸ்டார்ட் பட்டன் அல்ல, ரீசெட் பட்டன். அதைச் சில நொடிகள் அழுத்தினால் எல்லா செட்டிங்ஸும் அழிந்து தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். இன்டர்நெட் மெதுவாக இருக்கிறதென்று அதை அழுத்தாதீர்கள். சுவிட்சை அணைத்துப் போட்டாலே போதும்.

அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். நூறு ஸ்விட்ச் உள்ள அலுவலகத்துக்கு ஆக்சிடைஸ்டு எதைச் செய்கிறதோ, ஒரு மோடம் உள்ள வீட்டுக்கு அந்த நோட்டு அதையே செய்யும்.